செவ்வல்விளையில் அந்தரத்தில் நின்ற பாட்டு

செவ்வல்விளை முத்துமாலை அம்மனுக்கு ஆடு ஆகாது, கோழி ஆகாது, பொங்கல்கூட ரெண்டாம்பட்சம்தான், அவளுக்கு வேண்டியது பாட்டு. அதனால் பங்குனி பிறந்துவிட்டால் தென்காசியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் இன்னிசைக் குழுக்கள் வேன் வேனாக வந்து இறங்கி, கோயில் பொட்டலில் போட்ட மேடையில் முறை வைத்துப் பாடி, அம்மனுக்குக் காது குளிர்ந்த பிறகுதான் ஊர் கையில் கட்டின காப்பை அவிழ்க்கும். காப்பு கையில் கிடக்கிறவரைக்கும் யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, பாட வந்தவர்களும் சேர்த்துத்தான். மீன் கூடாது, கருவாடு கூடாது, கருவாடு இருந்த சட்டிகூட அடுப்பங்கரையில் இருக்கக் கூடாது. அப்புறம் இன்னொன்று, மேடையில் எடுத்த பாட்டை முடிக்காமல் விழாவை முடிக்கக் கூடாது. இந்தக் கடைசிக் கட்டுப்பாட்டை மட்டும் யாரும் பெரிசாக நினைத்ததில்லை, பாட்டை எடுத்தவன் முடிக்காமல் எங்கே போகப் போகிறான் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் வந்த குழுக்களில் அருமைநாயகம் குழுவுக்குத்தான் கூட்டம் அதிகம். அருமைநாயகம் கீபோர்டு வாசிப்பார், பாட்டும் கட்டுவார், ஆனால் கூட்டம் வந்தது அவருக்காக இல்லை, உலகம்மாளுக்காக. குழுவில் ஆண் குரல் பாடிக்கொண்டிருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் துபாய்க்கு விமானம் ஏறிவிட்ட அன்றைக்கு, பள்ளிக்கூடம் முடித்த கையோடு குழுவில் சேர்ந்திருந்த இந்தப் பிள்ளை, தாடையைத் தாழ்த்தி, அடிவயிற்றிலிருந்து ஒரு குரலை எடுத்துவிட்டாள் பாருங்கள், அருமைநாயகம் கீபோர்டில் கை வைக்க மறந்துவிட்டார். அன்றிலிருந்து சுவரொட்டியில் 'ஆண் குரலில் அசத்தும் உலகம்மாள்' என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். இருபது வயசுக்குள் அவள் பாடாத கோயில் கொடைவிழா இல்லை. பனங்கற்கண்டும் மிளகும் மென்று மென்று நாக்கு மரத்துவிட்டது, வேனில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போய்விட்டது, சிரிக்கும்போதுகூட ஆம்பளைச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. சொந்தக் குரலில் ஒரு வரி பாடிக் காலம் ஆகிவிட்டது. அது இன்னும் தொண்டைக்குள் கிடக்கிறதா, துருப்பிடித்துப் போனதா என்று அவளுக்கே தெரியாது.

அவளோடு ஜோடிப் பாட்டுக்குப் பெண் குரல் பாடுகிறவள் ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி, மாதா கோயில் பாடல் குழுவில் பாடிப் பழகியவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். வேனில் ஒரே பிளாஸ்க் மூடியில் வெந்நீர் குடிக்கப் போய், அருமைநாயகம் தூங்கும்போது தோளில் சாயப் போய், சங்கரன்கோவிலில் ஜெனரேட்டருக்குப் பின்னால் நிற்கிறபோது அந்த இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது என்கிற தைரியத்தில் ஒரு முத்தமும் கொடுத்துக்கொண்டு, ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி வசமாகக் காதலித்துவிட்டார்கள். வெளியில் தெரியாது. தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மேடையில் மட்டும் ஊரே பார்க்க ஒருத்தி கண்ணை ஒருத்தி பார்த்து உருகிப் பாடலாம், விசிலடிப்பார்கள், ஒன்ஸ்மோர் கேட்பார்கள், ஏனென்றால் பாடுகிறவன் ஆம்பளை அல்லவா.

அந்த விழாக்களில் ஒன்ஸ்மோர் வாங்குகிற பாட்டு அருமைநாயகம் சொந்தமாகக் கட்டினது. ஜெசிந்தா கேட்பாள்:

ஊரு கேட்டா, ஒறவு கேட்டா,
யாரைன்னு நான் சொல்ல?

உலகம்மாள் அடிவயிற்றிலிருந்து பதில் சொல்வாள்:

என்னைன்னு சொல்லு புள்ளே,
என்னைன்னு சொல்லு.

அவ்வளவுதான் பாட்டு, மிச்சமெல்லாம் இதைச் சுற்றி வருகிற வாசிப்பு. கடைசியில் ஒருதரம் ஜெசிந்தா கேள்வியை நீட்டி நிறுத்துவாள், உலகம்மாள் பதில் சொல்வாள், தபேலாக்காரர் முடிப்புத் தாளமாக ஒரு தீர்மானம் வைப்பார், முடிந்தது.

செவ்வல்விளையில் அவர்கள் முறை வந்த அன்றைக்குச் சாயங்காலம், தங்குவதற்குக் கொடுத்திருந்த பள்ளிக்கூட வகுப்பறையில் உட்கார்ந்து, உலகம்மாளுக்குக் கண் மை தீட்டிக்கொண்டே ஜெசிந்தா சொன்னாள்: "ஏட்டி உலகு, இன்னைக்கு அந்தக் கடைசி வரியை மட்டும் உன் குரல்ல பாடுதியா?"

"எதுக்கு?"

"அவன்கிட்டக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சுட்டி. நான் கேக்கது உன்கிட்ட. பதில் சொல்லுதது யாரோ ஒருத்தன்."

உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. ஜெசிந்தாவின் முகம் அவ்வளவு களைத்துக் கிடந்தது. "சரி, பாடுதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த வாக்கு மேடை ஏறுகிறவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. கடைசித் தரம் ஜெசிந்தா, 'யாரைன்னு நான் சொல்ல' என்று இழுத்து நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தாள். உலகம்மாள் வாயைத் திறந்தாள். திறந்தபோது, தபேலாவுக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருந்த செல்போன் கண்ணில் பட்டது. கச்சேரியை அதில் நேரலையாக விடுவது அருமைநாயகத்தின் பழக்கம். தென்காசிப் பக்கத்தில் ஒரு வீட்டில், முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே ஒரு கச்சேரி விடாமல் அவள் அம்மை அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மைக்கு அந்த ஆம்பளைக் குரல் என்றால் உயிர். என் வயித்துல பிறந்த ஆம்பளைப் பிள்ளை அவதான் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். சொந்தக் குரலில் பாடினால், யாரை நினைத்துப் பாடுகிறாள் என்று அம்மைக்கு ஒரே நொடியில் விளங்கிவிடும். ஆம்பளைக் குரலில் பாடினால் ஜெசிந்தாவுக்குக் கொடுத்த வாக்குப் போச்சு. உலகம்மாள் ரெண்டும் பாடவில்லை. வாயைத் திறந்தபடி நின்றாள். தபேலாக்காரர் தீர்மானம் வைக்கக் காத்திருந்து, கை வலித்து, இறக்கிவிட்டார்.

ஆனால் ஜெசிந்தாவின் 'சொல்ல' நிற்கவில்லை. அவள் வாயை மூடின பிறகும் அது நீண்டுகொண்டே போய், மேடைக் கம்பத்திலிருந்து பொட்டலின் மேற்கே நிற்கிற வேப்பமரம் வரைக்கும் போய் நின்றுகொண்டது. மைக்செட்காரர் வயரையெல்லாம் பிடுங்கிப் பார்த்தார், ஜெனரேட்டரை அணைத்துப் பார்த்தார். அது பாட்டுக்கு நின்றது. ஜெசிந்தா என்னவோ சொல்ல வாயெடுத்தாள், காற்றுத்தான் வந்தது. அவள் குரல் முழுக்க அங்கே மேலே போய்விட்டது.

விடிந்து பார்த்தால், அந்தச் சத்தம் ஓர் ஆள் தலை உயரத்துக்குத் தொய்ந்து, கம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவில் கொடிக்கயிறு மாதிரி தொங்கியது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கையால் பிடிக்கலாம். இப்போதுதான் இஸ்திரி போட்ட துணி மாதிரி ஒரு சூடு. காதை வைத்தால் 'அ...' என்று கேட்கும். உயரமான ஆட்கள் நெற்றியில் இடித்துக்கொண்டார்கள், குனிந்து போகப் பழகிக்கொண்டார்கள். பைக்கில் வருகிறவன் கழுத்தில் மாட்டிவிடக் கூடாது என்று பஞ்சாயத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார்கள். ராட்டினக்காரர் ராட்டினத்தைக் கொஞ்சம் தள்ளி நட்டுக்கொண்டார். இவ்வளவுதான் ஊர் பட்ட ஆச்சரியம். விழா கமிட்டித் தலைவர் பால்வண்ணம் அண்ணாச்சி வந்து, அதைத் தொட்டுப் பார்த்து, "பாட்டு முடியல, அப்போ காப்பு அவுக்க முடியாது" என்றார். எல்லாரும் சரி என்று வீட்டுக்குப் போனார்கள்.

ரெண்டு மூணு நாளில் பெண்கள் அதில் துணி காயப்போட ஆரம்பித்தார்கள். சீக்கிரம் காய்ந்தது, சேலைக்கு ஒரு மினுமினுப்பும் வந்தது. வேப்பமரம் எங்கள் பக்கம் என்று மேலத்தெருவும், மேடைக்கம்பம் எங்கள் பக்கம் என்று கீழத்தெருவும் சண்டை போட்டு, காலையில் மேலத்தெரு, மத்தியானத்துக்கு மேல் கீழத்தெரு என்று ராசியாகிவிட்டது. அப்புறம் யாரோ ஒருத்தி சேலைத்தொட்டில் கட்டிப் பார்த்தாள். அதில் போட்ட பிள்ளை வாயைத் திறக்காமல் தூங்கியது. மறுநாள் வரிசையாகத் தொட்டில்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் கைப்பிள்ளையோடு வந்தார்கள், வளையல் கடைக்காரருக்கும் பஞ்சுமிட்டாய்க்காரருக்கும் வாயெல்லாம் பல்.

ஆனால் எத்தனை நாளைக்கு? விழா என்றால் அது ஒரு நாள் முடிய வேண்டும், முடிந்தால்தான் அதற்குப் பேர் விழா. வந்திருந்த குழுக்கள் தெரிந்த பாட்டையெல்லாம் பாடித் தீர்த்து, தீர்ந்த பாட்டையே திரும்பப் பாடி, தொண்டை கட்டி, கடைசியில் தாளம் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்கள். சீரியல் பல்புகள் எரிந்து எரிந்து பாதி செத்துவிட்டன. காப்புக் கயிறு அழுக்கேறிக் கறுத்தது. ஆண்கள் ஊர் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, கடற்கரையில் ஏலம் போகிற மீனின் வாசத்தை மூக்கில் இழுத்துக்கொண்டு திரும்பி வந்து, சுண்டக்குழம்பைப் பிசைந்து சாப்பிட்டார்கள். ஒருத்தரோடு ஒருத்தர் பேசுவதற்குக்கூட அலுப்பாக இருந்தது. பூசாரி அம்மனுக்குச் சாத்தின பூவை மாற்றும்போது, "தாயீ, ஒனக்கும் போதும்தானே?" என்று கேட்டதாகக் கேள்வி.

இத்தனைக்கும் நடுவில் ஜெசிந்தா, அந்தச் சத்தத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உலகம்மாள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தால் குடிப்பாள். கோபமாக ஒரு பார்வை பார்த்தால்கூட உலகம்மாள் காலில் விழுந்திருப்பாள். அவள் கோபப்படவில்லை, கையைத்தான் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டு ஒரு கேள்வியில் நிற்கிறது, யாராவது பதில் பாடினால் இறங்கிவிடும் என்று கமிட்டிக்குக் கடைசியில் புரிந்தது. மதுரையிலிருந்து பெரிய பாடகர் ஒருத்தரைக் காரில் வரவழைத்தார்கள். அவர் பட்டுச் சட்டையோடு மேடையேறி, 'என்னைன்னு சொல்லு புள்ளே' என்று குழைந்து பாடினார். சத்தம், மாடு ஈயை விரட்டுகிற மாதிரி ஒருதரம் உதறிவிட்டுப் பேசாமல் நின்றது. காப்புக் கட்டாதவர் என்பதால் அவர் அன்றைக்கே போய்விட, ஊர் ஆண்கள் ஒவ்வொருத்தராக ஏறினார்கள். கல்யாணமாகாதவர்கள் தலை சீவிக்கொண்டு வந்தார்கள். கண்டக்டர் வேலை பார்க்கிறவன் விசில் ஊதிவிட்டுப் பாடினான். பெண்டாட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறதை மறந்து ஒரு மளிகைக்கடைக்காரர் கண்ணை மூடி உருகி, 'என்னைன்னு சொல்லு, என்னைன்னு சொல்லு' என்று பாடி, அன்றைக்கு ராத்திரி வீட்டில் சோறு கிடைக்காமல் கோயில் சுண்டலைத் தின்றார். சத்தம் அசையவில்லை.

"எம்மா உலகு, நீயே பாடேன். உன் பாட்டுத்தானே?" என்றார் பால்வண்ணம் அண்ணாச்சி.

உலகம்மாள் ஏறினாள். தாடையைத் தாழ்த்தினாள். இத்தனை ஊர் விசிலடித்த குரலை எடுத்து, ஒரு பிசிறு இல்லாமல், 'என்னைன்னு சொல்லு' என்று பாடினாள். சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது, தொட்டில் எல்லாம் ஒருமுழம் கீழே வந்தது, கூட்டம் "ஆத்தாடி" என்றது. அப்புறம் அது மெல்ல, சலித்துக்கொண்ட மாதிரி, பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். உலகம்மாள் மேடையை விட்டு இறங்கி, யாரையும் பார்க்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போய், பெஞ்சுக்கு அடியில் புகுந்து படுத்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கமிட்டி கூடி ஒரு முடிவுக்கு வந்தது. மறுநாள் உச்சிப்பொழுதுக்கு லைன்மேன் கட்டிங் பிளேயரோடு வருவார், சத்தத்தை நடுவில் அறுத்துவிடலாம், அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக் காப்பை அவிழ்த்துவிடலாம்.

"அறுத்தா அந்தப் பிள்ளை குரல் என்னாகும் அண்ணாச்சி?" என்று அருமைநாயகம் கேட்டார்.

பால்வண்ணம் அண்ணாச்சி நெற்றியைத் தேய்த்தார். கெட்ட மனுஷர் இல்லை, தூங்கி ரொம்ப நாளாகிவிட்டது. "போயிரும்னுதான் நினைக்கேன். பாவம்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஊரு எவ்வளவு நாளைக்குய்யா தாங்கும்?"

காலையில் உலகம்மாள் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனாள். ஜெசிந்தா குடித்தாள். பக்கத்தில் கைப்பிள்ளைகள் தொட்டிலில் தூங்கின.

"உன்னை அறுக்கப் போறாவட்டி" என்றாள் உலகம்மாள். "நான் பாடினா எங்க அம்மைக்குத் தெரிஞ்சுரும். அவ ஒத்தையில இருக்கா. என் குரலைக் கேட்டுக்கிட்டேதான் பீடி சுத்துதா. அந்தக் குரல் பொய்யின்னு அவகிட்ட எப்படிட்டி சொல்லுவேன்?"

ஜெசிந்தாவால் பதில் சொல்ல முடியாது, அவளிடம் குரல் ஏது. உலகம்மாளின் கையைப் பிடித்து மேலே கொண்டுபோய்ச் சத்தத்தின்மேல் வைத்தாள். இத்தனை நாளில் உலகம்மாள் ஒருதரம்கூட அதைத் தொட்டதில்லை, ஊரே துணி காயப்போட்டும் அவள் தொடவில்லை. தொட்டதும் தெரிந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் குடம் சுமந்து நிற்கிறவளின் இடுப்பு நடுங்குகிற நடுக்கம் அது. இவ்வளவு பாரத்தையும் இவளைச் சுமக்க விட்டுவிட்டுத் தான் கஞ்சி கொண்டுவந்து கொண்டிருந்தோமே என்று உலகம்மாளுக்கு வெட்கமாகிவிட்டது. பொட்டலில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து அழுதாள்.

உச்சிப்பொழுதில் கரண்ட் இல்லை. பந்தலுக்குக் கீழே ஊரே கைகாலைப் பரப்பிப் படுத்துக் கிடந்தது. லைன்மேன் வந்து, தொட்டில்களுக்கு நடுவில் ஓர் இடம் பார்த்து, பிளேயரை வைத்து, "எல்லாரும் ஒத்திக்கோங்க" என்றார். தாய்மார்கள் பிள்ளைகளை எடுக்க எழுந்தார்கள்.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றாள் உலகம்மாள்.

மேடையில் மைக் செத்துக் கிடந்தது. கீபோர்டு இல்லை, தபேலாவுக்கு உறை போட்டிருந்தது. அவள் தாடையைத் தாழ்த்தவில்லை. தொண்டையைச் செருமினாள், துருவைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. அப்புறம் பாடினாள்.

என்னைன்னு சொல்லு புள்ளே,
என்னைன்னு சொல்லு.

நல்ல குரல் என்று சொல்ல முடியாது. மெல்லிசு, கீச்சு, ரெண்டாவது 'சொல்லு'வில் உடைந்தேவிட்டது. தண்ணீர் எடுக்கப் போகிற எந்தப் பிள்ளையும் பாடுகிற குரல்தான். ஆனால் அது பொம்பளைக் குரல், ஒரு பொம்பளைக்குப் பதில் சொல்கிற குரல், அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

சத்தம் இறங்கியது. அவசரமே படாமல், மூட்டையை இறக்கிவைக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தொட்டில்கள் ஒவ்வொன்றாகத் தரை தொட்டன, பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து, இத்தனை நாள் அழாததற்கும் சேர்த்து அழுதன. துணிகள் மண்ணில் விழுந்தன. அந்தக் களேபரத்துக்கு நடுவில் ஜெசிந்தா நாற்காலியிலிருந்து எழுந்து, கையை உதறிக்கொண்டு, கரகரத்த குரலில் கேட்டாள்: "இதுக்கு இம்புட்டு நாளாட்டி?"

ஊர் ரெண்டு பேரையும் பார்த்தது. கீழத்தெருவில் ஒருத்தர் காறித் துப்பிவிட்டு எழுந்து போனார். ரெண்டு பெண்கள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ பேசினார்கள். மளிகைக்கடைக்காரர் பெண்டாட்டி மட்டும், "நான் முதல் நாளே நினைச்சேன்" என்றாள். உலகம்மாள் மேடையிலேயே நின்றாள், ஊரு கேட்டா பதில் சொல்லத் தயாராக நின்றாள். பால்வண்ணம் அண்ணாச்சி வந்து அவள் முகத்தைப் பார்த்தார், ஜெசிந்தா முகத்தைப் பார்த்தார், வேப்பமரத்தைப் பார்த்தார். ஒரு கொட்டாவி விட்டார்.

"பாட்டு முடிஞ்சிட்டு" என்றார். "காப்பை அவுத்துருங்கடே."

அவ்வளவுதான். கயிற்றை அறுத்துப்போட்டுவிட்டு ஆண்கள் மீன் ஏலத்துக்கு ஓடினார்கள், பெண்கள் பிள்ளையையும் துணியையும் அள்ளிக்கொண்டு போனார்கள், ராட்டினக்காரர் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் பொட்டலில் நாற்காலிகள்தான் இருந்தன.

வேன் சாயங்காலம் புறப்பட்டது. அருமைநாயகம் முன்சீட்டில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். சுவரொட்டியில் இனி என்ன போடுவது என்று யோசித்தாரோ என்னவோ. ஜெசிந்தா ஏறின உடனே உலகம்மாள் தோளில் சாய்ந்து, யார் விழித்திருக்கிறார்கள் யார் தூங்குகிறார்கள் என்று பார்க்காமல், வாயைத் திறந்து தூங்கிவிட்டாள். எல்லைக் கல்லைத் தாண்டும்போது போன் அடித்தது. அம்மை. பந்தலுக்குள் படுத்துக்கிடந்த எவனோ செல்போனில் பிடித்து அனுப்பியிருக்கிறான், அது தென்காசி போய்ச் சேர்ந்துவிட்டது.

"கேட்டேன்" என்றாள் அம்மை. "அது உன் குரலாட்டி?"

"ஆமாம்மா."

"சின்னப் பிள்ளையில அப்படித்தான் பாடுவ." முறத்தில் பீடி இலை உரசுவது கேட்டது. "அந்தப் பாட்டுல... யாரைட்டி சொல்லுத?"

தாடையைத் தாழ்த்தினால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். தாழ்த்தவில்லை. "ஜெசிந்தாவைம்மா. இப்போ என் பக்கத்துலதான் தூங்குதா."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. முறத்தில் பீடி இலை உரசுவதுகூட நின்றுவிட்டது. வேனுக்குள் அந்த மௌனம் தொய்ந்து தொங்கியது. உலகம்மாள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அதைத் தாங்கிக்கொண்டிருந்தாள், கை மரத்துப்போகிறவரைக்கும் தாங்கிக்கொண்டிருந்தாள். உப்பளங்கள் போயின, ஒரு ரயில்வே கேட் வந்தது, திறந்தது.

"ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சா?" என்றாள் அம்மை.

"இன்னும் இல்லம்மா" என்றாள் உலகம்மாள்.